கல்யாணம் ஆனவள் என்று எழுதுங்கள்

நகரியில் புருஷோத்தமனும் கோவர்த்தனனும் பதினேழு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. பேசத் தொடங்கிய அன்றே இருவரும் ஒரே பைக்கில் ஏறி, தார் சுற்றும் கூலிக்காரி காஞ்சனாவின் வீட்டுக்குப் போனார்கள். ஒரு பெண்ணைப் பற்றி அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வதற்காக. அந்தப் பெண் அப்போது திருப்பதியில் பிணவறையில் கிடந்தாள். அவள் புருஷோத்தமனின் மகள். கோவர்த்தனனின் மருமகளும்கூட. இந்த இரண்டாவது உறவைத்தான் மறைக்க வேண்டியிருந்தது.

காஞ்சனாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது பாலசமுத்திரம் பக்கம், கரும்பு வெட்டும் குடும்பத்தில். பத்தொன்பதில் தறி மெக்கானிக் பழனியைக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்தார். வந்த மூன்றாம் மாதம் புருஷோத்தமனின் விசைத்தறி ஷெட்டில் தார் சுற்ற உட்கார்ந்தவர், இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மூலையைவிட்டு எழவில்லை. நெசவில் குறுக்கே ஓடும் நாடா என்ற மரக்கட்டைக்குள் வைக்கிற சிறிய நூல் குச்சிதான் தார். பத்துத் தறி ஓடுகிற ஷெட்டில் அது தீர்ந்துகொண்டே இருக்கும். சுற்றுகிறவர் நிமிர முடியாது. காஞ்சனாவுக்கு இடது காது பாதி போய்விட்டது. குரல் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

தறி ஓடும்போது ஷெட்டுக்குள் பேச்சு என்று ஒன்று கிடையாது. கை காட்டுவார்கள். கை போதாதபோது காதோரம் வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அப்படிக் கத்தினால் அந்த ஒரு காதுக்கு மட்டும் கேட்கும். நான்கடி தள்ளி நிற்பவருக்கு உதடு அசைவதுதான் தெரியும். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் ரகசியங்களை எல்லாம் கத்தித்தான் பேசுகிறார்கள்.

சத்தத்தோடு அதிர்வும் உண்டு. புருஷோத்தமன் நான்கு தறியைப் பத்தாக்கிய ஆண்டு, ஒட்டியிருந்த கோவர்த்தனன் வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. "உன் சுவரு மண்ணுல கட்டினது, என் தறி இன்னா பண்ணும்" என்றார் இவர். கோர்ட்டுக்குப் போனார் அவர். ஓர் இன்ஜினீயர் வந்து விரிசலை அளந்தார். அவர் அளந்தது தப்பு என்று இன்னொருவர் வந்து அளந்தார். வழக்கு தொடங்கியபோது கோவர்த்தனனின் மகன் யஸ்வந்த் இரண்டாம் வகுப்பில் இருந்தான். புருஷோத்தமனின் மகள் தேவசேனா அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வீடும் ஒரே சாதி, ஒரே குலதெய்வம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற முறை. அந்தச் சுவர் ஒழுங்காக இருந்திருந்தால் பெரியவர்களே தாம்பூலத் தட்டு மாற்றியிருப்பார்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தடுப்பதற்கு ஒரு காரணம்கூட இல்லாத கல்யாணம் அது.

தேவசேனா புத்தூரில் டிகிரி கடைசி ஆண்டு. யஸ்வந்துக்குத் திருப்பதி பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. புத்தூர்வரை இருவருக்கும் ஒரே பஸ். மற்றதைக் காஞ்சனா கேட்கவில்லை. கல்லூரி விடுமுறை நாட்களில் தேவசேனா அப்பாவின் ஷெட்டுக்கு வந்து காஞ்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். அப்படி ஒரு தை மாதச் சனிக்கிழமை, காஞ்சனாவின் நல்ல காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"யக்கா, சாட்சிக்குப் பெரியவங்க ஒருத்தரு வேணுமாம். வர்றியா?"

"எதுக்குடி சாட்சி?"

"கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"வேற யாரு கல்யாணத்துக்கு நான் வந்து உன்னக் கூப்புடப் போறேன்?"

காஞ்சனா இரண்டு தார் சுற்றி முடித்தார். பிறகு, "உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா என்னிய இந்தத் தறியிலியே ஏத்தித் துணியா நெய்ஞ்சுடுவாரு" என்றார்.

"நீ ஒல்லிக்கா. துண்டுகூடத் தேறாது."

காஞ்சனா சிரித்துவிட்டார். சிரித்தது சம்மதமாகிவிட்டது.

புத்தூரைத் தாண்டி ஒரு குன்றின் மேல் இருக்கிற சிறிய முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அர்ச்சகர் ஒரு நீள நோட்டில் இருவரின் பெயர், நட்சத்திரம், தேதி எல்லாம் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். சாட்சி என்ற இடத்தில் காஞ்சனா தமிழில் போட்டார். ஏழாவதுவரை படித்த கையெழுத்து, மெதுவாக வந்தது. பரீட்சை முடிந்ததும் முறையாகப் பதிவு செய்துகொண்டு இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுவது என்று பேச்சு. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டு மாதம்தான் முடிந்தது. பங்குனி மாத வியாழக்கிழமை, பத்துத் தறியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தார் சுற்றும் மூலையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கோவர்த்தனன் வீட்டு மொட்டை மாடி தெரியும். அன்று விடுப்பில் இருந்த யஸ்வந்த், காயப்போட்ட லுங்கியை எடுத்து மறுபடியும் அதே கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். காஞ்சனா தேவசேனாவின் காதுக்குள் கத்தினார். "அதே லுங்கிய மூணாவது வாட்டி போடறாண்டி. போயி மூஞ்சியக் காட்டிட்டு வா. தாலி கட்டினவன் எத்தினி நாளுதான் இப்புடி மாடி மேலயே நின்னுகினு இருப்பான்?"

லுங்கிக்கும் தாலிக்கும் நடுவில் கரண்ட் போனது. கரண்ட் போனால் பத்துத் தறியும் ஒரே நொடியில் நின்றுவிடும். தொண்டைக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடைசி வரி முழுவதும் ஷெட்டுக்கும் தெருவுக்கும் கேட்டது. ஆறாவது தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த புருஷோத்தமன் நிமிர்ந்தார். மகளைப் பார்க்கவில்லை; ஜன்னலைப் பார்த்தார். மாடியில் யஸ்வந்த் லுங்கியோடு நின்றான்.

அன்று மாலையே தேவசேனாவைக் காரில் ஏற்றி, வெதுருகுப்பத்தைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருந்தது. காஞ்சனாவை இனி வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? கோவர்த்தனன் தன் மகனைப் பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். இருபத்து நான்கு வயது மாப்பிள்ளை, பையைத் தூக்கிக்கொண்டு போனான். கட்டியவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிந்தே போனான். போலீசுக்குப் போகவில்லை, தெரிந்தவர்களிடம் சொல்லவில்லை, ஒரு சத்தம் போடவில்லை.

ஐந்தாம் நாள் காஞ்சனாவுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தேவசேனா, தாழ்ந்த குரலில். "யக்கா, அவரு வர்றாராமா? அடுத்த புதன்கிழம யாரோ பாக்க வர்றாங்களாம். கதவப் பூட்டி வெச்சிருக்காங்க. அவருகிட்ட சொல்லுக்கா." அதற்குள் யாரோ போனை வாங்கிவிட்டார்கள்.

காஞ்சனா யஸ்வந்தைக் கூப்பிட்டார். "பாக்கலாம்க்கா, நைனா கொஞ்சம் ஆறட்டும்" என்றான். கோவர்த்தனன் வீட்டுப் படியேறினார். கோவர்த்தனன் வாசலிலேயே மறித்தார்.

"அந்த வூட்டுப் பேச்சு இங்க எடுக்காத. சுவரு கேசு நடந்துகினு கீது."

"அந்தப் பொண்ணு உங்க மருமவ."

"எனக்கு மருமவளே இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, அத்தை வீட்டுத் தோப்புக் கிணற்றிலிருந்து தேவசேனாவை எடுத்தார்கள். வயிற்று வலி தாங்காமல் விழுந்துவிட்டாள் என்று புருஷோத்தமன் எழுதிக் கொடுத்தார். இந்தப் பக்கம் இளம்பெண்கள் சாகும்போதெல்லாம் வயிறுதான் வலித்திருக்கிறது. செய்தித்தாளில் நான்கு வரி வரும். பெயரும் வயதும் மாறும், வயிற்று வலி மாறாது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த பைக் வந்து நின்றது. கோவர்த்தனன் ஓட்டினார். புருஷோத்தமன் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்திருந்தார். பழனி இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"உக்கார வரல" என்றார் புருஷோத்தமன். "ஒரு வார்த்த சொல்ல வந்தோம்."

"வந்தோமா?" என்று கேட்டார் காஞ்சனா. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர்றதுக்குப் பொண்ணு சாவணுமா மொதலாளி?"

"பழனி, உன் பொண்டாட்டிய அடக்கு" என்றார் கோவர்த்தனன்.

"தறிச் சத்தத்துல கேட்டுக் கேட்டுக் காது போனவ அவ. நான் அடக்கினா அவளுக்குக் கேக்காது" என்றார் பழனி.

புருஷோத்தமன் நிதானமாகத்தான் பேசினார். "நாளைக்குப் பதினோரு மணிக்குப் பஞ்சநாமா. பொணத்த வெச்சிக்கினு போலீசு எழுதுவாங்க. கல்யாணம் ஆவாத பொண்ணுன்னு சொல்லியாச்சி, அதோட முடிஞ்சிரும். கல்யாணம்னு ஒரு வார்த்த உன் வாயில வந்திச்சின்னா எம்.ஆர்.ஓ., அதான் தாசில்தாரு, வந்து உக்காந்துருவாங்க. கட்டி ஏழு வருசத்துக்குள்ள செத்தா அவங்கதான் விசாரிக்கணுமாம், வக்கீலு சொன்னாரு. வூட்டுப் பொம்பளைங்கள ஒவ்வொருத்தரா தனியா கூப்ட்டுக் கேப்பாங்க. எங்க தங்கச்சி வூட்டு மானம் போயிரும்."

"தனியா கேட்டா இன்னா சொல்லிருவாங்கன்னு பயப்படறீங்க?"

கோவர்த்தனன் குறுக்கே வந்தார். "செத்தவ பேரு கெட வேணாம்மா. என் பையன் பேரும் எங்கியும் வர வேணாம். சுவரு கேச நாளைக்கே வாபஸ் வாங்கறேன். ரெண்டு குடும்பமும் இனிமே ஒண்ணு. நடுவுல நீ எதுக்கு?"

அப்போதுதான் புருஷோத்தமன் அந்த வார்த்தையைச் சொன்னார். "ஊருக்கே கத்திச் சொன்னவ நீ. எம் பொண்ண கொன்னது உன் வாய்தான். இன்னொரு வாட்டி தொறக்காத."

பைக் போன பிறகும் காஞ்சனா அந்த இடத்திலேயே நின்றார். பன்னிரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? ஒரு கரண்ட் கட்டில் வெளியே வந்த ஒரு வாக்கியம் யாரையும் கிணற்றுக்குக் கொண்டுபோகாது. காரில் ஏற்றிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். போனைப் பிடுங்கியவர்கள், கதவைப் பூட்டியவர்கள், கதவைச் சாத்தியவர், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன், எல்லாரும் இருக்கிறார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பழியை இறக்கிவைக்க ஒரு கூலிக்காரியின் வாயைக் கண்டுபிடித்தார்கள்.

வந்த இருவரும் ஒரு தப்பு செய்துவிட்டார்கள். யாரிடம் போய் எந்த வார்த்தையைச் சொன்னால் விசாரணை நடக்கும் என்பது அதுவரை காஞ்சனாவுக்குத் தெரியாது. அதை அவர்களே வீடு தேடி வந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

காலையில் அவர் புடவை மாற்றுவதைப் பழனி பார்த்தார்.

"போனியன்னா இந்தத் தெருவுல எவனும் உன்ன சேத்துக்க மாட்டான். என்னியும் ஸ்பேனரோட உள்ள வுட மாட்டான்."

"தெரியும்."

"அப்ப ரெண்டு இட்லியாவது துன்னுட்டுப் போ. அங்க எத்தினி மணி ஆவுமோ."

அவர் பிணவறைக்குப் போகவில்லை. அங்கே இரண்டு குடும்பத்து ஆட்களும் நிற்பார்கள் என்று தெரியும். நேராக எம்.ஆர்.ஓ. இருக்கும் மண்டல ஆபீசுக்குப் போனார். ஒன்பதேகால் மணிக்கு ஆபீஸ் பூட்டியிருந்தது. ஒன்பது ஐம்பதுக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் தாசில்தாரின் வழியை மறித்து நின்றார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். "மேடம், திருப்பதியில போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போற பொண்ணு பெள்ளி ஆனவ, கல்யாணம் ஆனவ. கட்டி ரெண்டரை மாசம் ஆவுது. நான் சாட்சி."

சான்று என்ன என்று கேட்டார் தாசில்தார். காஞ்சனா கோயில் பெயரைச் சொன்னார், தேதியைச் சொன்னார். நோட்டில் கீழிருந்து மூன்றாவது வரி என்றும் சொன்னார். தாசில்தார் புத்தூர் பக்கம் யாருக்கோ போன் செய்தார். அரைமணி நேரத்தில் அந்தப் பக்கத்தின் படம் அவர் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு திருப்பதிக்குப் போன் போட்டு, தான் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார். காஞ்சனாவை ஜீப்பின் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு குடும்பமும் ஒன்றாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து யஸ்வந்தும் வந்திருந்தான். தாசில்தார் முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்.

"இறந்த பெண் உங்களுக்கு யார்?"

அவன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஃப்ரெண்ட், மேடம்."

காஞ்சனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஃப்ரெண்டு கழுத்துலயாடா மூணு முடிச்சி போட்ட?"

தாசில்தார் அவரைப் பேச வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, போனை யஸ்வந்தின் முகத்துக்கு நேராக நீட்டினார். அவனுடைய கையெழுத்து. சுழித்து, கீழே இரண்டு கோடு போட்ட கையெழுத்து. அவன் படியில் உட்கார்ந்துகொண்டு, "ஆமா மேடம், என் ஒய்ஃப்" என்றான். கோவர்த்தனன் கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினார்.

அதற்குப் பிறகு எல்லாம் அந்த இருவரும் பயந்தபடியே நடந்தது. வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அழைத்தார்கள். அத்தை பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். மகளோடு அத்தை வீட்டிலேயே தங்கியிருந்த தேவசேனாவின் அம்மா வெங்கடம்மா உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. அதுவரை அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மகளைக் கொண்டுபோகும்போதும் கேட்கவில்லை, வயிற்று வலி என்று எழுதும்போதும் கேட்கவில்லை. கேட்டதும் சொன்னார். பன்னிரண்டு நாளும் கதவு வெளியே பூட்டியிருந்ததைச் சொன்னார். தான் கட்டிக்கொண்டவள், இன்னொருவன் முன்னால் வந்து நிற்க மாட்டேன் என்று மகள் கத்தியதைச் சொன்னார். திங்கட்கிழமை மாலை அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் கை நீட்டினார்கள் என்பதைப் பெயர் சொல்லிச் சொன்னார். பஞ்சநாமாவில் 'புருஷோத்தமன் மகள், மணமாகாதவர்' என்று இருந்த வரி போய், 'யஸ்வந்த் மனைவி' என்ற வரி வந்தது.

வெளியே வந்த வெங்கடம்மா காஞ்சனாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமில்ல நீ" என்றார். காஞ்சனா, "வந்திருக்கணும் மொதலாளியம்மா" என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

ஒன்றரை ஆண்டு ஆகிறது. வழக்கு சித்தூரில் நடக்கிறது. புருஷோத்தமனும் அவர் தங்கை கணவரும் ஜாமீனில் இருக்கிறார்கள். சுவர் வழக்கை வாபஸ் வாங்கியாகிவிட்டது. வாய்தா நாட்களில் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் வந்து இறங்குகின்றன. யஸ்வந்த் சாட்சிப் பட்டியலில் இருக்கிறான். இதுவரை இரண்டு முறை உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஆவணி மாதம் அவனுக்குப் பெண் பார்த்ததாகத் தெருவில் பேச்சு. காஞ்சனா இப்போது ஏகாம்பரகுப்பத்தில் வேறொரு ஷெட்டில் தார் சுற்றுகிறார். பழனி ஸ்பேனர் பையோடு சத்தியவேடுவரை போய் வருகிறார்.

போன மாதம் காஞ்சனாவைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேசவன், மரியாதையாகவே கேட்டார். "அம்மா, ஒரே கேள்வி. அன்னிக்கு நீங்க கத்தாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும், இல்லியா?"

புருஷோத்தமன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கோர்ட்டில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"இருந்திருப்பா" என்றார் காஞ்சனா. "நான் கத்தினது தப்பு. அத எழுதிக்கோங்க சார். எழுதிட்டு, கதவு சாவி யாரு இடுப்புல இருந்திச்சி, திங்கக்கெழம யாரு அவள அடிச்சாங்க, அதையும் அங்கியே கீழ எழுதிக்கோங்க. ஒண்ண எழுதிட்டு இன்னொண்ண வுட்டுறாதீங்க."

நீதிபதி இரண்டையும் எழுதச் சொன்னார்.